தொகுதி எல்லை வரைவு வந்தால் மனு எழுதுவது எப்படி

நான் பிறந்தது நெல்லிக்குப்பம், வாக்கப்பட்டது குருவிநத்தம். 2008-இல் சட்டமன்றத் தொகுதி எல்லைகளை மாற்றிப் பிரித்த மறுவரையறையில் இரண்டு தொகுதியும் காணாமல் போயின. கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பமும் மங்களூரும் போய், நெய்வேலியும் திட்டக்குடியும் வந்தன. புதுச்சேரியில் குருவிநத்தத்தோடு புஸ்ஸி, காசுக்கடை, ரெட்டியார்பாளையம் என்ற பெயர்களும் போயின. "பொறந்த வீடும் போச்சு, புகுந்த வீடும் போச்சு" என்று என் நாத்தனார் இன்றைக்கும் கேலி செய்வார்.

பாகூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை. அந்த வரைவு வந்த சமயம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து மனு அடிக்கச் சொன்னார்கள். "பாரம்பரியம் மிக்க", "மக்கள் கொந்தளித்துப் போயுள்ளனர்" என்று ஒன்றரைப் பக்கம் அடித்துக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் பதினோரு பக்கம். மொத்த மனுவிலும் ஒரே ஒரு எண், அதுவும் தப்பான எண். வாக்காளர் பட்டியலில் இருந்த தலைகளை எண்ணிப் போட்டிருந்தோம். எல்லை பிரிப்பது வாக்காளர் கணக்கில் இல்லை, மக்கள்தொகைக் கணக்கில். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அதில் ஒரு தலைதான். அது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று அரசிதழில் நாள் குறித்துவிட்டார்கள். அதன் பிறகு கோடு மறுபடி நகரும்போது வெறும் கையோடு நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், எதைக் கேட்கக்கூடாது என்று பார்த்துவிடுவோம். புதுச்சேரிக்கு 30 இடம் என்பது 1963-ஆம் வருடத்து யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தில் உள்ளது. மூன்று நியமன எம்எல்ஏக்களும் அதே சட்டத்தில் வருகிறவர்கள். மத்திய அரசே அவர்களை நியமிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. பிடிக்கவில்லை என்றால் அதற்கு நாடாளுமன்றம்தான் வழி. எல்லை பிரிக்கும் மறுவரையறை ஆணையத்துக்கு எழுதும் மனுவில் இதையெல்லாம் சேர்த்தால், படிப்பவர் மீதியையும் ஓரமாக வைத்துவிடுவார்.

அப்புறம் கணக்கு. மொத்த மக்கள்தொகையை 30-ஆல் வகுத்தால் சராசரி வரும். 2001-இல் 9,74,345 பேர், வகுத்தால் 32,478. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நாலு பகுதி சேர்ந்ததுதான் எங்கள் யூனியன் பிரதேசம். அப்போது மாஹேக்கு மாஹே, பள்ளூர் என்று இரண்டு இடம். ஆனால் அங்கே மொத்தமே 36,828 பேர், அதாவது இடத்துக்கு 18,414. புதுச்சேரிப் பகுதியில் 21 இடம்; இடத்துக்கு 35,016. மாஹேயில் ஒரு ஓட்டு இங்கே ஏறக்குறைய இரண்டு ஓட்டுக்குச் சமமாக இருந்திருக்கிறது! அதனால்தான் மாஹேக்கு ஒன்று, காரைக்காலுக்கு ஒன்று என்று குறைத்து, புதுச்சேரிப் பகுதியை 23 ஆக்கினார்கள். மொத்தத்தில் எங்கள் பக்கத்துக்கு லாபம்தான். பெயர் போன கோபத்தில் அது கண்ணில் படவில்லை.

2011 கணக்கை எடுத்தால் சராசரி 41,598. மாஹே 41,816, அச்சு அசலாக ஒரு இடம். ஏனாம்தான் தலைவலி: 55,626. ஒன்றுக்கு அதிகம், இரண்டுக்குப் போதாது. ஆந்திராவுக்கு நடுவில் இருக்கும் ஊரை வேறு எதோடு ஒட்டுவது?

போன தடவை சராசரிக்கு மேலேயும் கீழேயும் பத்து சதவீதம் வரை போகலாம் என்று ஆணையம் வைத்துக்கொண்டது. உங்கள் மனுவுக்கு உயிரே இந்த இடத்தில்தான். "எங்கள் ஊரைப் பிரிக்காதே" என்றால் போதாது. ஊரை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் எத்தனை பேர் குறைகிறார்கள், அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமவாரிப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் இப்போது அடித்துக் கொடுக்கும் மாதிரி இது:

"வரைவில் ___ தொகுதியில் சேர்த்துள்ள ___ வருவாய்க் கிராமத்தை (மக்கள்தொகை ___) ___ தொகுதிக்கு மாற்றக் கோருகிறோம். மாற்றினால் முதல் தொகுதியில் ___ பேரும் இரண்டாவதில் ___ பேரும் இருப்பார்கள். இரண்டும் சராசரியிலிருந்து பத்து சதவீதத்துக்குள் அமைகின்றன."

இதற்குக் கீழேதான் காரணம். 2002 மறுவரையறைச் சட்டம் பார்க்கச் சொன்னவை: தொகுதி சிதறாமல் இருப்பது, ஆறு குளம் போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. நடுவே நடுவே கடலூர், விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். வரைபடத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு ஊருக்கு நேர் பஸ் இருக்காது. எந்த பஸ், எங்கே இறங்கி மாற வேண்டும், எந்தக் கொம்யூன் (எங்கள் ஊர் உள்ளாட்சி) அலுவலகம் என்று எழுதுங்கள். பேனாவால் ஒரு படம் போட்டு இணையுங்கள். சாதி பலம், கட்சி பலம் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். தனித்தொகுதி பற்றி என்றால், எங்கே பட்டியல் சாதியினர் விகிதம் கூடுதல் என்ற எண் மட்டும் போதும்.

வரைவோடு, ஆணையத்துக்கு உதவும் இணை உறுப்பினர்களான எம்பி, எம்எல்ஏக்களின் மாற்றுக் கருத்தும் அச்சாகும். அவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, ஆனால் மறுப்பைப் பதிவு செய்யலாம். அந்தப் பக்கங்களை அவசியம் படியுங்கள். உங்கள் வாதத்தில் பாதியை யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

கடைசித் தேதி அரசிதழ் அறிவிப்பிலேயே இருக்கும். அதைத் தவறவிடக்கூடாது. இறுதி உத்தரவு வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் பலம். கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஒரு பிரதி அனுப்புங்கள். ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்கும் பொது அமர்வு நடக்கும் நாளில் இன்னொரு பிரதியை நேரில் கொடுங்கள். மூன்றாவது உங்களிடம் இருக்கட்டும்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பாகூர்ப் பக்கம் இருப்பவர்கள் கணக்கை மட்டும் போட்டுக் கொண்டுவந்தால் போதும், அடித்துத் தருகிறேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை சாத்தியிருக்கும்.