கட்டி விழாத அகார்: காளான் இழைக்கு வீட்டிலேயே ஊடகம் காய்ச்சும் முறை

எங்கள் பக்கம் காலபோக அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குக் குறைவில்லை. சிப்பிக் காளானுக்கு அது தாராளம். விதைப் பைதான் தூரத்திலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் இறக்கும்போது பை உள்ளே வியர்த்து, புளித்த மணம் அடிக்கும். இரண்டு முறை அப்படிப் போன பிறகு, நல்ல காளான் ஒன்றிலிருந்து நானே இழை, அதாவது காளான் முளைத்து வரும் வெள்ளை நூல், எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். அந்த இழை உணவெடுத்துப் படர்வதற்கு வழுவழுப்பான அகார் கூழ் வேண்டும், அதைத்தான் ஊடகம் என்கிறேன். அதைக் காய்ச்சுவது பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வைக்கோல் அவிப்பதும் பை கட்டுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அரை லீற்றருக்கு அளவு

உருளைக்கிழங்கு 100 கிராம், குளுக்கோஸ் 10 கிராம், அகார் தூள் 10 கிராம், தண்ணீர் 500 மில்லிலீற்றர். தகர மூடி போட்ட சின்ன ஜாம் போத்தல் 20. அகார் லீற்றருக்கு 15 கிராம் போட்டாலும் உறையும். ஆனால் எங்கள் வெக்கைக்கு 20 கிராம் கணக்குத்தான் நல்லது.

நோன்பு காலத்தில் மன்னார்ப் பக்கத்து வீடுகளில் காய்ச்சும் கடற்பாசிதான் இந்த அகார். நாராக விற்பதைவிடத் தூளாக விற்பதையே வாங்குங்கள், அளப்பதும் கரைப்பதும் சுலபம். நிறமும் வாசமும் சேர்த்த ஜெலிப் பைக்கற்று வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது ஜெலற்றின், வெக்கைக்கு உருகிவிடும். ஜெர்மனியில் கிருமிகளை ஆராய்ந்த றொபேட் கோக்கின் ஆய்வுகூடத்தில் இருந்த வால்தர் ஹெஸ்ஸேயும் இதே தொல்லையைத்தான் பட்டார். கிருமி வளர்க்க அவர் வைத்த ஜெலற்றின் கோடையில் உருகி ஓடியது. வீட்டில் ஜெலி செய்யப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கும்படி 1881இல் சொன்னவர் அவர் மனைவி பானி ஹெஸ்ஸே. அகார் உருகுவதற்கு ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் வேண்டும். உறைந்த பிறகு எந்த வெயிலும் அதை ஒன்றும் செய்யாது.

கிழங்குச் சாறு

கிழங்கைக் கழுவிச் சின்னத் துண்டுகளாக வெட்டி, 20 நிமிடம் மெல்லிய தீயில் அவியுங்கள். மசிக்க வேண்டாம், மசித்தால் மா கரைந்து சாறு கலங்கிவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடியுங்கள். பிழியவும் வேண்டாம், தானாக வடியட்டும். கேத்தலில் வெள்ளைப் படலம் விடுகிற கிணற்று நீரை விட்டு, வடிகட்டிய குடிநீரை எடுத்தால் சாறு இன்னும் தெளிவாக வரும். தலைமுடியைவிட மெல்லிய இழையை இதன்மேல் வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதால் தெளிவு முக்கியம்.

அகாரைக் கரைப்பது: இங்கேதான் நான் விழுந்தேன்

முதல் தடவை சாறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அகார் தூளைக் கொட்டினேன். தூள் பட்ட இடமெல்லாம் வெளிப்புறம் வெந்து, உள்ளே உலர்ந்த மாவோடு சவ்வரிசி மாதிரி உருண்டுகொண்டது. எவ்வளவு கிண்டியும் கரையவில்லை. அப்படியே போத்தல்களில் ஊற்றினேன். முன்னால் ஊற்றியவை தண்ணீராகவே நின்றன. சட்டியின் அடியிலிருந்து வந்த கடைசி இரண்டு போத்தலில் மட்டும் ரப்பர் மாதிரிக் கட்டி. போட்ட அகார் முழுவதும் அந்த இரண்டுக்குள் போய்விட்டது.

சரியான வழி இதுதான். வடித்த சாற்றை முற்றாக ஆறவிடுங்கள். ஆறிய சாற்றின்மேல் அகார் தூளைக் கோலமாவு தூவுவது போல விரலால் பரவலாகத் தூவி, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். தூள் நீரைக் குடித்து, பொருமி, மெல்ல அடியில் இறங்கும். அதன் பிறகு அடுப்பை மூட்டி, அடி பிடிக்காமல் அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். முதலில் பால் போலக் கலங்கும். கொதி வந்து சில நிமிடத்தில் வெளுப்பு விலகித் தெளியும். அகப்பையைத் தூக்கி, வழிந்து விழும் சாற்றை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். அகப்பையின் முதுகில் கண்ணாடித் துகள் போல ஒன்றிரண்டு மணி மின்னினால் இன்னும் கரையவில்லை. மணி ஒன்றும் இல்லாமல் வழுக்கி விழுந்தால் சரி. அப்புறம் குளுக்கோஸைச் சேர்த்து, வற்றிய அளவுக்குக் கொதிநீர் ஊற்றி மறுபடி 500 மில்லிலீற்றர் ஆக்குங்கள். சட்டி பெரியதாக இருக்கட்டும், அகார் பால் மாதிரிப் பொங்கும்.

போத்தலும் குக்கரும்

சூடாக இருக்கும்போதே போத்தலுக்கு 25 மில்லிலீற்றர் வீதம் ஊற்றுங்கள். மூடியை இறுக்கிப் பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள். ஆய்வுகூடங்களில் ஊடகம் ஊற்றும் மூடியுள்ள பிளாஸ்ரிக் தட்டைவிட எனக்குக் கண்ணாடிப் போத்தல்தான் பிடிக்கும். காய்ச்சிய பிறகு திறந்து ஊற்றும் வேலையே இல்லை. தகரக் கூரை வீட்டில் காற்றோடு வரும் தூசிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி நான் காணவில்லை.

குக்கரின் அடியில் துணி விரித்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, போத்தல்களை நிறுத்துங்கள். ஒரே தடவையில் கொள்ளாவிட்டால் இரண்டு தடவை வையுங்கள். விசில் எண்ண வேண்டாம், மணிக்கூட்டைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம். ஆய்வுகூடக் கணக்கு 121 பாகையில் 15 முதல் 20 நிமிடம், வீட்டுக் குக்கருக்குக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன். இன்னும் அதிகம் வைத்தால் ஊடகம் பழுப்பேறி, உறையும் பலமும் குறையும். விறகடுப்பில் தீ ஏறி இறங்கும், அதனால் இதற்கு மட்டும் காஸ் அடுப்பு.

அடுப்பை அணைத்த பிறகு குக்கரைத் தொடாதீர்கள். ஆவியை அவசரமாக வெளியேற்றினால் போத்தலுக்குள் ஊடகம் கொதித்தெழுந்து மூடியை நனைக்கும், அந்த ஈரத்தின் வழியாகப் பூஞ்சணம் உள்ளே வரும். தானாக அழுத்தம் இறங்கியதும் ஒவ்வொரு போத்தலையும் நுரை வராமல் மெல்லச் சுழற்றி, மட்டமான மேசையில் வைத்துத் தடித்த துவாயால் மூடுங்கள். மெதுவாக ஆறினால் மூடியில் நீர் கோப்பது குறைவு. பங்குனி, சித்திரையில் இதை மதியத்தில் செய்ய வேண்டாம். அகார் உறைவது 40 பாகைக்குக் கீழே. வீட்டுக்குள்ளேயே 34 பாகை இருக்கும் நேரத்தில் அது வெகுநேரம் தளதளத்துக்கொண்டே நிற்கும். நான் விடிய ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறேன்.

ஆறியதும் மூடியை இறுக்கி, மூன்று நாள் சும்மா வைத்துப் பாருங்கள். பூஞ்சணப் பொட்டு ஒன்றும் வராத போத்தலில்தான் காளான் துண்டு வைக்க வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்குப் பிளாஸ்ரிக் தட்டுகள் குக்கருக்குள் நெளிந்து ஒட்டிக்கொண்டன. அந்தத் தட்டுகள் கிருமி நீக்கப்பட்டே வருகின்றன, அவற்றை அவிக்கக் கூடாது. ஊடகத்தை மட்டும் போத்தலில் அவித்து, கையில் பிடிக்கும் சூடு வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊற்றுங்கள்.

இன்னொருவருக்கு உறையவே இல்லை. பேசிப் பார்த்தால், கிருமி வராமல் இருக்கட்டும் என்று தேசிக்காய்ச் சாறு விட்டிருக்கிறார். புளிப்போடு சேர்த்து அவித்தால் அகாரின் பிடிப்பு உடைந்துபோகும். புளிப்பு எதுவும் வேண்டாம்.

மழைக்குப் புற்றில் முளைக்கும் காளானை இதில் வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது கறையானோடு சேர்ந்து வாழ்வது. இழை எடுத்தாலும் கறையான் இல்லாமல் வீட்டில் காளானாக முளைக்க வைக்க முடியாது. சிப்பிக் காளானிலேயே தொடங்குங்கள்.

பச்சை அல்லது கறுப்புப் பொட்டு வந்த போத்தலை வீட்டுக்குள் திறந்து பார்க்காதீர்கள், தூள் பறந்து மற்றப் போத்தல்களுக்கும் தொற்றும். மூடியோடு அரை மணி நேரம் குக்கரில் அவித்து, ஆறிய பிறகு முற்றத்தில் திறந்து கழுவுங்கள்.