குமரி மாவட்டத்திலிருந்து சென்னைக்கு: நடிகர்களோடு பழகத் தொடங்குவது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து நடிப்பு ஆசையோடு சென்னை போகிற பிள்ளைகள் பலர் முதலில் ஸ்டுடியோ வாசலில்தான் போய் நிற்கிறார்கள். அங்கே கண்ணாடி ஏற்றிய கார் உள்ளே போவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். நீங்கள் தேட வேண்டியது, நடித்துக் கிடைக்கிற காசில் வாடகை கட்டும் நடிகர்களை. எந்த ஆடிஷன் உண்மையானது, யாரை நம்பிப் போகக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துபடி.

1. ஊரிலேயே தொடங்குங்கள்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நம்ம ஒழுகினசேரிக்காரர். அவரும் நாடகக் கம்பெனி வழியாகத்தான் சினிமாவுக்குப் போனார். கோயில் கொடை வில்லுப்பாட்டோ, சர்ச் திருவிழா நாடகமோ, ஏதாவது ஒரு மேடையில் ஏறிவிட்டுக் கிளம்புங்கள். போனில் இரண்டு சிறிய வீடியோ இருக்கட்டும்: ஒன்று பொதுவான தமிழில், இன்னொன்று நம்ம ஊர்ப் பேச்சில். நம்ம பேச்சை மறைக்கவே வேண்டாம். அதைச் சரியாகப் பேசத் தெரிந்த ஆள் சென்னையில் எளிதில் கிடைப்பதில்லை.

2. தங்கும் இடம்

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கினால், வடபழனிக்கு நேராக மெட்ரோ உண்டு. வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் துணை நடிகர்கள், உதவி இயக்குநர்கள், டப்பிங் கலைஞர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். சில மாதச் செலவுக்குப் பணமோ, ஒரு பகுதிநேர வேலையோ இல்லாமல் போகாதீர்கள். பசியோடு இருப்பவரை ஏமாற்றுவது சுலபம்.

3. நாடகம் நடக்கும் இடத்துக்குப் போங்கள்

இதுதான் முக்கியமான படி. எழும்பூர் மியூசியம் தியேட்டர், நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களில் நாடகம் எப்போது என்று கவனித்துக்கொண்டே இருங்கள். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் பயின்றவர்தான் நடிகர் பசுபதி. விஜய் சேதுபதி அங்கே கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்து, நடிகர்களைப் பக்கத்திலிருந்து கவனித்தவர். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களுக்கானது.

4. எப்படிப் பேசுவது?

"அண்ணா, ஒரு சான்ஸ் வாங்கிக் கொடுங்க" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். செல்ஃபியும் வேண்டாம். பார்த்ததைப் பற்றிக் கேளுங்கள்:

"அண்ணா, நான் நாகர்கோவில். அப்பா இறந்த செய்தி வந்ததும் ஒண்ணும் பேசாம சட்டைய மடிச்சீங்களே, அது ஒத்திகையில வந்ததா, நீங்களா செஞ்சதா?"

இப்படிக் கேட்டால் எந்த நடிகரும் நின்று பதில் சொல்வார். அவர் சொல்லி முடித்ததும், "அடுத்த நாடகத்துக்கு செட் தூக்க, சாமான் எடுத்து வைக்க ஆள் வேணும்னா வர்றேன்" என்று சொல்லிவிட்டு நம்பரைக் கொடுங்கள். கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். சிறிய குழுக்களில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். ஒத்திகையில் தேநீர் குடிக்கிற இடைவேளையில் உங்களுக்குக் கிடைக்கிற தகவல் வேறெங்கும் கிடைக்காது.

5. பணம் கேட்டால் விலகுங்கள்

ஆடிஷனுக்குக் கட்டணம், வேஷத்துக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சங்க கார்டு (உறுப்பினர் அட்டை) வாங்கித் தருகிறேன் என்பவரை நம்புவதற்கு முன், 1952இல் தொடங்கிய நடிகர் சங்கத்தின் அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். பெண் பிள்ளைகள் முதல் சந்திப்புக்கு ஓட்டல் அறைக்கோ வீட்டுக்கோ போகவே வேண்டாம். நாலு பேர் இருக்கிற இடத்தில், தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நல்ல நடிகர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், நம்பர் கிடைத்துவிட்டது என்று தினமும் "குட் மார்னிங்" அனுப்பாதீர்கள். அவர் நடித்த ஏதாவது வெளிவந்தால் பாருங்கள், பிடித்ததை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.