லிங்க் ஆனது, போர்டு மட்டும் எழவில்லை: என் அனுபவம்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துச் செம்பனை நாற்றுப்பண்ணையில் தண்ணீர் பம்பை இயக்க, எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப் வைத்து ஒரு கண்ட்ரோலர் செய்கிறேன். சிப் எழுந்ததும் முதலில் ஓடும் ஸ்டார்ட்அப் கோப்பு அசெம்பிளியில், மற்றதெல்லாம் சி-யில். இவற்றிலிருந்து வந்த இரண்டு ஆப்ஜெக்ட் கோப்பும் ஒரு எரர்கூட இல்லாமல் லிங்க் ஆகி ஒரே புரோகிராமாகச் சேர்ந்தன, ஆனால் போர்டில் ஏற்றினால் சி-யின் மெயின் ஃபங்ஷன் பக்கமே போகாமல் நேராக ஹார்ட்ஃபால்ட், அதாவது பிராசசர் பிழையில் மாட்டி நிற்கும் நிலை.

கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியைப் போட்டு, சிப் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிளைப் பார்த்தேன். முதல் 4 பைட் ஸ்டாக்கின் உச்சி, சரி. அடுத்த 4 பைட், முதலில் ஓட வேண்டிய ரீசெட் ஹேண்ட்லரின் முகவரி, அது இரட்டைப்படை எண்ணாக இருந்தது, விஷயமே அங்கேதான். இந்தச் சிப்பில் இருக்கும் கார்டெக்ஸ்-எம்3 பிராசசர், ஏஆர்எம்-இன் தம்ப் வகைக் கட்டளைகளை மட்டுமே ஓட்டும், அதைக் காட்ட அந்த முகவரியின் கடைசி பிட் 1 ஆக இருந்தாக வேண்டும். சி ஃபங்ஷன்களுக்குக் கம்பைலரே இதைக் குறித்துவிடும், அசெம்பிளி லேபிளுக்கு மேலே நாம்தான் ‘.தம்ப்_ஃபங்க்’ என்று எழுத வேண்டும். எழுதியதும் முகவரி ஒற்றைப்படை ஆனது, மெயின் ஓடியது!

அப்புறம் புரோகிராமின் அளவைக் குறைக்க, பயன்படாத பகுதிகளை நீக்கும் லிங்கர் ஆப்ஷனான ஜிசி-செக்‌ஷன்ஸ் சேர்த்தால் மறுபடி அசைவில்லை. வெக்டர் டேபிளைப் புரோகிராமின் எந்தப் பகுதியும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதனால் லிங்கர் அதை வேண்டாததென்று கழித்துவிடுகிறது. லிங்கர் ஸ்கிரிப்ட்டில் அந்த செக்‌ஷனைக் ‘கீப்’ அடைப்புக்குள் போட்டு, ஃபிளாஷ் தொடங்கும் ஹெக்ஸ் 08000000 முகவரியில் முதலாவதாக வையுங்கள். வந்து உட்கார்ந்ததா என்பதை, சிப்பில் ஏற்றுவதற்கு முன்பே எது எந்த முகவரியில் இருக்கிறது என்று லிங்கர் எழுதித் தரும் மேப் கோப்பில் பார்த்துக்கொள்ளலாம்.