ஆளுக்கு எத்தனை டன்? ஐரோப்பியக் கணக்கைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஐரோப்பிய நாடுகளில் ஆண்டுக்கு ஆளுக்கு எத்தனை டன் கரியமில வாயு என்ற பட்டியலை எடுத்தால், மேல்வரிசையில் நின்று கண்ணை உறுத்துவது லக்சம்பர்க். அங்கே ஆளுக்குச் சுமார் 11 டன். பக்கத்து பிரான்சில் ஐந்துக்கும் கீழே. "சின்ன நாடு, பணக்கார நாடு, ஊதாரித்தனம்" என்று முடிவுகட்டத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். தப்பு.

எரிபொருள் எந்த நாட்டில் விற்கிறதோ, அதன் புகை அந்த நாட்டுக் கணக்கில் ஏறும் என்பதே விதி. லக்சம்பர்க்கில் வெகுகாலமாக டீசலுக்கு வரி குறைவு. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே ஓடும் லாரிகள் அங்கே டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பும். புகை போவது பக்கத்து நாட்டுச் சாலையில், கணக்கு எழுதுவது லக்சம்பர்க்கில். போதாததற்கு, தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்களே இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்கள் போடும் பெட்ரோலின் புகை நாட்டின் மொத்தக் கணக்கில் சேரும். அவர்கள் தலை மட்டும் அதை வகுக்கும் மக்கள்தொகையில் சேராது.

சரி, 1970களில் 40 டன்னை ஒட்டி இருந்தது இவ்வளவு இறங்கியிருக்கிறதே? பெரும்பங்கு இரும்பாலைகளுடையது. 1990களில் நிலக்கரியில் ஓடும் ஊதுலைகளை மூடிவிட்டு, மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலைக்கு மாறினார்கள். அந்நாட்டின் பெல்வால் என்ற ஊரில் கடைசி ஊதுலை அணைந்தது 1997இல். அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இறக்குமதி. அதாவது புகையில் கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் இடம் மாறியது.

அடுத்த சறுக்கல், 1990ஐ அப்படியே தொடக்கமாக வைத்துக்கொண்டு "யார் அதிகம் குறைத்தார்கள்" என்று பார்ப்பது. எண்ணெய்ப் பாறையை எரித்து மின்சாரம் எடுத்த எஸ்தோனியாவின் உமிழ்வு மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. அது பருவநிலைக் கொள்கையின் சாதனை அல்ல. சோவியத் சந்தை சரிந்து ஆலைகள் நின்றுபோனதன் விளைவு.

ஒரே ஓர் ஆண்டைப் பிடித்துத் தொங்குவதும் ஆபத்து. வரைபடத்தில் 1996இல் டென்மார்க்கின் உமிழ்வுக் கோடு திடீரென எகிறும். நார்வேயிலும் சுவீடனிலும் மழை பொய்த்து அணைகள் வற்ற, டென்மார்க் நிலக்கரியை எரித்து அவர்களுக்கு மின்சாரம் விற்றது. அவ்வளவுதான் விஷயம். 2020இன் பள்ளமும் அப்படித்தான், அது ஊரடங்கின் கைவேலை.

பிரிட்டன் நிஜமாகவே குறைத்த நாடு. 1990இல் சுமார் 10 டன், இன்று ஐந்துக்கும் கீழ். ராட்கிளிஃபில் இருந்த கடைசி நிலக்கரி மின்நிலையமும் 2024 செப்டம்பரில் மூடியாயிற்று. ஆனால் வெளிநாட்டில் செய்து இறக்குமதியாகும் சாமான்களின் புகையைச் சேர்த்தால் எண் கணிசமாக ஏறும். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக்கூடாது.

அப்புறம், எதை எண்ணுகிறோம் என்பது. கரியமில வாயு வேறு, பூமியைச் சூடாக்கும் மொத்தப் பசுங்குடில் வாயுக்கள் வேறு. அயர்லாந்தை இரண்டு பட்டியலிலும் தேடிப் பாருங்கள். இரண்டாவதில் மாடுகளின் மீத்தேனும் சேர்ந்துகொள்ள, ஒரேயடியாக மேலே போயிருக்கும்.