மலைக்குளிரிலிருந்து வளைகுடா வெயிலுக்கு: முதல் இரண்டு கிழமைகளில் உடம்பைப் பழக்கும் முறை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். குவைத்தில் ஜூலை மாதத்து நண்பகல் 45 பாகையைத் தாண்டுவது வழமை. அந்நாட்டின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 பாகை பதிவானது. அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் கொட்டகலையிலிருந்தும் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் இந்த இடைவெளியை ஒரே இரவு விமானப் பயணத்தில் கடக்கிறார்கள். உடம்பு அதே வேகத்தில் கடப்பதில்லை.

நான் போன நான்காம் நாள், முற்பகல் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் கம்பளங்களைத் தட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்து கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கிய எனக்கு இது ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். முதலில் பின்தலை வலித்தது, பிறகு வாய் குமட்டியது, படிக்கட்டில் இறங்கும்போது கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்த மட்டக்களப்புப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்; அதோடு அங்கே ஆறு மாதம் இருந்தவர். உடல் வலிமை வேறு, வெப்பத்துக்குப் பழகிய உடல் வேறு என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன்.

வெப்பத்துக்குப் பழகுவதற்கு உடம்புக்கு ஏழு முதல் பதினான்கு நாள்கள் வேண்டும். அந்த நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவும் மிகுதியாகவும் சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையோடு வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. இந்த மாற்றம் குளிரூட்டிய அறையில் படுத்திருந்தால் வராது. வெயிலில் சிறிது சிறிதாக உழைத்தால்தான் வரும். எனவே முதல் நாள் வெயில் வேலை முழு நாள் அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதன் பின் நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டு போகலாம். வெப்பத்தால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே நிகழ்கின்றன என்பதால், இதை மேற்பார்வையாளரிடமோ வீட்டு எசமானியிடமோ வாய் திறந்து சொல்லத் தயங்காதீர்கள். “நான் குளிர் நாட்டுப் பக்கத்தவள், பழகச் சில நாள் வேண்டும்” என்ற ஒரு வாக்கியத்தை அரபியில் எழுதி வாங்கிப் பாடமாக்கிக்கொண்டு போவது நல்லது. முடிந்தால் பயணத்துக்கு முந்திய ஒரு கிழமையைக் கொழும்பிலோ வத்தளையிலோ உறவினர் வீட்டில் கழித்து, பகலில் நடந்து வியர்த்துப் பழகுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மலையில் நாளுக்கு நான்கு தேத்தண்ணீரோடு காலம் போய்விடும். அந்த வழக்கம் அங்கே உதவாது. வெயிலில் நிற்கும்போது பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லீற்றருக்கு மேல் குடிப்பதும் தீங்கானது. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதும். அடர்ந்த மஞ்சளானால் போதவில்லை. நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனிப் பொதிகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்துவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும் அரை மட்டமான தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய் நீர் அருந்துங்கள். பேச்சுத் தடுமாறினால், நினைவு தப்பினால், வலிப்பு வந்தால் அது உயிர் ஆபத்து. ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை நோயாளியின் உடம்பெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள்.

திறந்த வெளியில் வேலை செய்வோருக்கு நண்பகல் வேலைத் தடை சட்டமாகவே இருக்கிறது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முற்பகல் 11 முதல் மாலை 4 மணி வரையும், கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை முற்பகல் 10 முதல் பிற்பகல் 3.30 வரையும், ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரையும் அது நடைமுறையில் உள்ளது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை இத்தடை எட்டுவதில்லை. ஆகவே மாடி, முற்றம் கழுவும் வேலைகளை விடியற்காலைக்கு மாற்றித் தருமாறு முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வேறு விதமான வியப்புகள் இருக்கின்றன. லயத்துப் பீலித் தண்ணீர் கையை விறைக்கச் செய்யும். அங்கே கோடையில், கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் தோலைச் சுடும். அதற்கு அங்குள்ளவர்கள் செய்யும் வழி எளியது: குளியலறை ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். வீட்டின் உள்ளே நிழலில் கிடந்து ஆறிய ஹீட்டர்த் தண்ணீர் சுடுநீர்க் குழாயில் வரும், அதில் குளிப்பார்கள். குளிரூட்டி இரவு முழுதும் ஓடுவதால் உதடும் குதிகாலும் வெடிக்கும். படுக்குமுன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஸ்வெட்டரை ஊரில் விட்டுப் போகாதீர்கள், குளிரூட்டிய அறைக்கும் ரியாத்தின் மார்கழி இரவுக்கும் அது வேண்டும். வெளியே அணிவதற்கு உடம்பை முழுதும் மூடும் தளர்வான பருத்தி உடையே ஏற்றது.

சாப்பாட்டில் நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. கோதுமை மா ரொட்டியில் வளர்ந்தவர்களுக்குக் குப்பூஸ் இரண்டே நாளில் பழகிவிடும். கட்டைச் சம்பலை மட்டும் தேடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் பெட்டியில் வெற்றிலை வைக்க வேண்டாம். துபாய் சுங்கம் அதைத் தடைசெய்த பொருளாகவே கருதுகிறது. குருமாவுக்குப் போடும் கசகசாவையும் அமீரகத்துக்கோ சவூதிக்கோ கொண்டுபோகக் கூடாது. மாத்திரைகளுக்கு வைத்தியரின் சீட்டைக் கையில் வைத்திருங்கள். ரமழான் மாதத்துப் பகலில் பிறர் பார்க்க உண்பதையும் பருகுவதையும் தவிருங்கள். வேலையிடத்தில் தண்ணீர் குடிக்க மறைவான இடம் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஏனெனில் தண்ணீரை மட்டும் விட முடியாது.

வீதியில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடும். நாம் பழக்கத்தில் வலப்புறம் பார்த்துவிட்டு இறங்குவோம். வண்டியோ இடப்புறமிருந்து வந்துகொண்டிருக்கும். இடம், வலம், மறுபடி இடம் பார்த்துக் கடவுங்கள்.

சவூதி, குவைத், கட்டார் நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி பின்னே. அமீரகமும் ஓமானும் ஒன்றரை மணி பின்னே. அங்கே இரவு எட்டுக்கு வேலை முடித்து சவூதியிலிருந்து அழைத்தால் வீட்டில் பத்தரை ஆகியிருக்கும், பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். பேசும் நேரத்தைப் புறப்படும் முன்பே வீட்டாரோடு தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களுக்கும் இவை பொருந்தும். மலைக்குளிரில் அந்த ஒரு மாதம் இருந்தாலே பழகிய உடம்பு பழக்கத்தை இழந்துவிடும். பழைய ஆள்தானே என்று முதல் நாளே முழு வேலையில் இறங்காமல், மறுபடியும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்தே தொடங்குங்கள்.