தெருக்கோயிலுக்குச் சேவற்கொடி: துணி முதல் கப்பி வரை

வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் போன்ற சிவன் கோயில்களுக்கு ரிஷபக் கொடி, பெருமாளுக்குக் கருடக் கொடி, முருகனுக்குச் சேவற்கொடி. சூரபத்மன் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் நின்றபோது, எதிர்த்தவனையே தன் கொடியில் ஏற்றி வைத்தான் முருகன். அவ்வளவு பெரிய கருணையைச் சொல்லும் துணியை அவசரத்தில் தைக்கக் கூடாது. ஏறிய கொடி கொடியிறக்கம் வரை கீழே வராது. எனவே திருத்தம் எல்லாம் முன்பே முடிய வேண்டும்.

இங்கே சொல்வது 15 அடி கொடிமரத்துக்கான அளவு.

1. துணி: குடியாத்தம் பக்கத்துக் கைத்தறி வெள்ளைப் பருத்தி போதும். பாலியஸ்டர் வேண்டாம், மஞ்சள் ஒட்டாது. தைத்த பின் 4 அடி நீளம், 2½ அடி அகலம் வரவேண்டும். ஓரம் மடிக்க நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். மூலைகளில் இரட்டைத் தையல் போடுங்கள், ஆடிக்காற்று அங்கேதான் முதலில் கிழிக்கும்.

2. மஞ்சள்: கஞ்சி போக வெறும் தண்ணீரில் அலசி, விரலி மஞ்சள்பொடி கரைத்த நீரில் நனைத்து நிழலில் காயவிடுங்கள். கஸ்தூரி மஞ்சளில் நிறம் ஏறாது. சோப்பும் சுண்ணாம்பும் பட்டால் அந்த இடம் சிவந்துவிடும். புதிதாக வெள்ளையடித்த மேடைமேல் துணியை வைக்காதீர்கள்.

3. சேவல்: துணி பெயிண்டில், இரு பக்கமும் வரையுங்கள். எனாமல் காய்ந்ததும் வெடிக்கும், கனமும் கூடும். கொடி தொங்கும்போது சேவலின் முகம் கருவறையைப் பார்க்க வேண்டும். மரத்தடியில் நின்று திசை குறித்துக்கொண்ட பிறகே பென்சிலை எடுங்கள். கண்ணை மட்டும் விட்டுவையுங்கள். அதைத் திறப்பது குருக்களின் வேலை.

4. கயிறும் கப்பியும்: பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். கயிறு மேலே போய்க் கீழே திரும்ப 30 அடி, கட்ட 5 அடி, ஆக 35 அடி. கப்பியின் பள்ளத்தைவிடக் கயிறு மிக மெலிந்திருந்தால், சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே நழுவி மாட்டிக்கொள்ளும். கொடி பாதி வழியில் நிற்கும், ஏணி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கயிற்றைக் கடையில் வாங்கும்போதே கப்பியைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கொடி ஏற்றுவதற்கு முந்தைய நாள் மாலை அதே அளவு புதுத்துணி ஒன்றைக் கட்டி மூன்று முறை ஏற்றி இறக்குங்கள்.

நைலான் உறுதிதான், ஆனால் முடிச்சு வழுக்கும். பருத்திக் கயிறே நல்லது. நனைந்தால் சுருங்கி இறுகும் என்பதால் ஒரு சாண் தளர்வு விடுங்கள்.

5. ஏற்றும் நாள்: காப்புக் கட்டி, மரத்துக்குத் தர்ப்பையும் மாவிலையும் சுற்றிய பின், மேல்மூலை, கீழ்மூலை இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுங்கள். மேல்மூலையை மட்டும் கட்டினால் துணி சுருண்டு சேவல் தெரியாது. இழுப்பவர் ஒருவர், மறுகயிற்றை விட்டுக்கொடுப்பவர் ஒருவர் போதும். பலர் சேர்ந்து இழுத்தால் கயிறு பக்கவாட்டில் போய்க் கப்பியை விட்டு இறங்கும்.

கயிற்று நுனியை ஆறடி உயரத்தில் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.