மன்னார் வளைகுடா பவளப்பாறை பத்தி பாத்தத கேட்டத எப்படி பகிரலாம்

ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையா 21 தீவு, சுத்தி பவளப்பாறை, அதுல பூவரசன்பட்டி விலாங்குசல்லி ரெண்டும் ஏற்கெனவே தண்ணிக்குள்ள போயிருச்சு. பாறைய வெட்டி சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏத்துன காலத்தோட வினை அது. இந்தக் கரையப் பத்தி உருப்படியா ஏதாவது எழுதி வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது.

மொதல்ல, செல்போன எடுத்துக்கிட்டு தீவுப்பக்கம் கிளம்பிராதீங்க, 1986ல இருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேணும். கரையில ஒதுங்குன கல்லுதானேன்னு பவளத்துண்ட பையில போட்டாலும் கேஸுதான்.

ஆளுங்ககிட்ட பேசுறதுல இருந்து ஆரம்பிங்க. படகு ஓனரோட நிறுத்திராதீங்க, சங்கு குளிக்கிறவங்க, முக்கியமா பாசி எடுக்கற அக்காமாரு, பாறைய கையால தடவி அறிஞ்சவங்க அவங்கதான், எந்தப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி குறைஞ்சிருச்சு, எங்க கட்டக்கோரைப் பாசி மண்டிக் கிடக்குன்னு எல்லாம் சொல்லுவாங்க. அவங்க சொல்ற பேர்லயே எழுதுங்க. தண்ணி வத்துற நேரத்துல போய் நின்னா யாரும் பேச மாட்டாங்க, அது வேலை நேரம். விசைப்படகு ஆளுங்கன்னா தடைக்காலம் தோது, ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் கரையிலதான் இருப்பாங்க.

பாறை வெளுக்கிற சீசனும் அதேதான், 2010, 2016 ரெண்டு வருஷமும் இங்க நல்லாவே அடி வாங்குச்சு. இங்கதான் நிறைய பேரு தப்பா எழுதறாங்க. தண்ணி சூடு வாரக்கணக்கா இறங்காம இருந்தா பவளத்துக்குள்ள குடியிருக்கற நுண்பாசி வெளியேறிரும், கலர் போயி வெள்ளையா தெரியும். வெள்ளையா இருக்குன்னா செத்துருச்சுன்னு அர்த்தமில்ல, சூடு தணிஞ்சா தேறி வரலாம், மேல பச்சையா பழுப்பா பாசி படிஞ்சு மூடிருச்சுன்னா அப்ப அந்த இடம் போச்சு. மான்கொம்பு மாதிரி கிளை விட்டது சீக்கிரம் வெளுக்கும், உருண்டைப்பாறை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால போட்டோ போடும்போது தேதி, தோராயமா எந்த இடம், எத்தனை ஆள் ஆழம், எந்த மாதிரி பாறை, இதையும் சேத்துப் போடுங்க, இதெல்லாம் இல்லாத போட்டோ சும்மா ஸ்டேட்டஸுக்குத்தான் ஆகும்.

இன்னொன்னு, குருசடைத் தீவு பக்கம் பாறை மேல தடிப்பா போர்வையா படர்ற பாசி தெரிஞ்சா உடனே வனத்துறைக்கு சொல்லுங்க, அது வளர்ப்புக்குன்னு வெளிநாட்டுல இருந்து வந்த கப்பாஃபைகஸ், பவளத்த மூச்சு முட்ட வச்சிரும்.

எல்லாத்தையும் பப்ளிக்கா போடணும்னு இல்ல. கடல் அட்டை கிடக்கற இடம், ஆவுளியா (கடல்பசு) மேய்ற இடம் ரெண்டுக்கும் லொகேஷன் வேண்டவே வேண்டாம், கடத்துறவனும் படிப்பான்.

எழுதுனது ஊருக்குத் திரும்பிப் போகணும், நீளமா டைப் பண்ணா கடலுக்குப் போறவங்க யாரு படிக்கப்போறா, ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பாம்பன்ல கடல் ஓசைன்னு மீனவங்களுக்கான சமுதாய வானொலியே இருக்கு, அங்கயும் கேட்டுப் பாருங்க. போடறதுக்கு முன்னாடி சொன்னவங்களுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க, பேர் வேண்டாம்னா எடுத்துருங்க.